எந்தத் தெரு என்று கேட்காத காதல்: தொலைக்காட்சிக் காதல்கள் ஏன் பொய்யாகத் தெரிகின்றன?



தொலைக்காட்சிக் காதல் கதைகளைப் பற்றி நம் மாணவ நண்பர்களிடம் பேச்செடுத்தால் அது கிண்டலில்தான் முடிகிறது. ஐநூறு எபிசோடாக அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறாள், ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முதல் வாரமே கதை முடிந்திருக்கும், ஒரே முகத்தை மூன்று தடவை இடி முழக்கத்தோடு காட்டுகிறார்கள். இப்படிச் சிரித்துவிட்டு, பட்ஜெட் இல்லை, நடிக்கத் தெரியவில்லை, டி.ஆர்.பி.க்காக இழுக்கிறார்கள் என்று காரணமும் சொல்லிவிடுவார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "இதைப் பார்க்கிற நம்ம அம்மாக்களைச் சொல்லணும்."

இந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாக்கள் ஏமாறுவதில்லை. எங்கள் பகுதியில் மில்லுக்கும் காட்டு வேலைக்கும் போய்விட்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்கிற பெண்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். புதிய ஜோடி திரையில் வந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்தப் பிள்ளை என்ன ஆளுகளாம்?" கதை சொல்லாமல் விட்டதை அந்த ஒரு கேள்வி பிடித்துவிடுகிறது. அதற்குக் கதையிடம் பதில் இல்லை. அந்தக் காதல் நம்பும்படி இல்லாமல் போவதும் அங்கேதான்.

நான் சொல்ல வருவது இதுதான். சீரியலானாலும், நேரடியாக டி.வி.க்கோ ஓ.டி.டி.க்கோ எடுக்கிற படமானாலும், காதலர்கள் இருவருக்கும் நடுவே யார் நிற்கிறார் என்பதைச் சொல்ல மறுக்கிற கதை பொய்யாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் அங்கே நிற்பது சாதி. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப எதையாவது செய்துதான் ஆகவேண்டும். விபத்தில் போன நினைவு, மாறிப்போன கடிதம், காணாமல்போன இரட்டைச் சகோதரி எல்லாம் அந்த வேலைக்காக வருகிறவைதான்.

மூன்று கேள்விகள்

கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போகிற பஸ்ஸும் இங்கே நிற்கும். வத்திராயிருப்புக்குத் திரும்புகிற பஸ்ஸும் நிற்கும். பல்கலைக்கழகம் இருப்பதால் எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். இரண்டு பேர் பழக ஆரம்பித்தால் பத்து நாளைக்குள் மூன்று கேள்விகள் வந்துவிடும். எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? குலசாமி எது? அவர்களே கேட்காவிட்டால் நண்பர்கள் கேட்பார்கள், நண்பர்கள் கேட்காவிட்டால் வாடகைக்கு வீடு கொடுத்தவர் கேட்பார். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாத மாநிலம் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெயரில் இல்லாத சாதியைத் தெருவில் தேடிக் கண்டுபிடிக்கும் திறமையையும் நாமே வளர்த்திருக்கிறோம்.

ஆனால் சீரியல் நாயகன் ஆயிரம் எபிசோடு காதலிக்கிறான், இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. அவன் அம்மா கேட்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கேட்பதில்லை. பெண் பார்க்க வரும் காட்சியில் ஜாதகம் கேட்கிறார்கள், நகை கேட்கிறார்கள், ஆட்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. 2011–12இல் எடுக்கப்பட்ட இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி இந்த நாட்டில் நடக்கும் திருமணங்களில் சாதி கடந்தவை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருக்கின்றன. மீதி தொண்ணூற்றைந்து வீட்டிலும் முதலில் கேட்கப்பட்ட கேள்வியை டி.வி. குடும்பங்கள் மட்டும் மறந்துவிட்டன என்றால் யார் நம்புவது?

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. எங்கள் காலனித் தெருக்களுக்கும் வந்தன. பெட்டி காலனிக்குள் வந்தது. காலனி மட்டும் இன்றுவரை அந்தப் பெட்டிக்குள் போகவில்லை. சீரியல் ஊரில் கோவில் இருக்கிறது, பெரிய வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, அந்த வயலில் வேலை செய்கிறவர்கள் மாலையானதும் எங்கே போகிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

ஒரே பெயர், இரண்டு கதை

1997இல் சேரன் "பாரதி கண்ணம்மா" எடுத்தார். நிலவுடைமைச் சாதிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் அவர்கள் வீட்டில் வேலை பார்க்கும் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞனுக்கும் இடையிலான காதல். அந்தப் படத்தில் நமக்கு விமர்சனங்கள் உண்டு. எஜமான விசுவாசத்தை அது கொண்டாடிய விதம், இருவரையும் நெருப்பில் முடித்த விதம் எல்லாமே கேள்விக்குரியவை. ஆனாலும் நடுவே நிற்பது யார் என்பதை அது ஒளிக்கவில்லை.

அதே 1997இல் நம் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரனின் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸின் பெயர்ப்பலகையில்கூட நம் பெயரைப் பொறுக்காத ஊரில், கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பது இங்கே வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

22 ஆண்டுகள் கழித்து, 2019இல், விஜய் டி.வி.யில் அதே "பாரதி கண்ணம்மா" என்ற பெயரில் ஒரு தொடர் வந்தது. இந்த முறை நடுவே நிற்பது கண்ணம்மாவின் தோல் நிறம். கறுத்த பெண்ணை நாயகியாக வைத்தார்கள் என்று பாராட்டினார்கள். அது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இந்த மண்ணில் கறுப்பு என்பது வெறும் நிறமா? நிறத்தை வைத்து இன்ன தெரு என்று ஊகிக்கிற சமூகத்தில், நிறத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தெருவைப் பற்றி மூச்சு விடாமல் இருக்க எவ்வளவு கவனம் வேண்டும்! நிறம் மட்டும் ஒரு தொடரைத் தாங்காது. அதனால் சந்தேகம் வந்தது. மனைவி வயிற்றில் இருக்கும் குழந்தை தன்னுடையதல்ல என்று கணவன் சந்தேகப்படுகிறான். அவன் ஒரு டாக்டர். ஒரு டி.என்.ஏ. பரிசோதனையில் தீர்ந்துபோகும் சந்தேகத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கண்ணம்மா நடந்த நடையைத் தமிழ்நாடே மீம் போட்டுச் சிரித்தது. எல்லோரும் சிரித்தது அந்த நடிகையின் நடிப்பைப் பார்த்து இல்லை, செயற்கையாக நட்டு வைத்த தடையைப் பார்த்துத்தான்.

முதலாளி மகனும் வேலைக்காரப் பெண்ணும்

"சாதியை நேரடியாகச் சொல்லாவிட்டால் என்ன, பணக்காரன் ஏழை என்று சொல்கிறார்களே, அதுவும் ஏற்றத்தாழ்வுதானே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 2017இல் தொடங்கிய இரண்டு தொடர்களைப் பார்ப்போம். விஜய் டி.வி.யின் "ராஜா ராணி"யில் நாயகி வீட்டு வேலை செய்யும் பெண். ஜீ தமிழின் "செம்பருத்தி"யில் நாயகி பெரிய வீட்டில் சமையல் செய்யும் பெண். இரண்டிலும் காதலன் அந்த வீட்டுப் பிள்ளை.

இதில் ஒரு ஒழுங்கைக் கவனியுங்கள். மேலே இருப்பவன் எப்போதும் ஆண், கீழே இருப்பவள் எப்போதும் பெண். இது தற்செயல் இல்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர், சாதியின் உயிர் அகமணமுறையில் இருக்கிறது என்றும், அதைக் காப்பாற்ற முதலில் பெண்ணைத்தான் கட்டுப்படுத்துவார்கள் என்றும் காட்டிவிட்டார். மேல்சாதி ஆண் கீழே இருந்து பெண் எடுப்பதை அனுலோமம் என்று சாஸ்திரம் சகித்துக்கொள்ளும். கீழே இருக்கும் ஆணை மேல்சாதிப் பெண் தேர்ந்தெடுத்தால் அது பிரதிலோமம், பெரும் பாவம். சீரியல் எழுதுகிறவர்கள் மனுஸ்மிருதி படித்துவிட்டு வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்காமலே அது அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. சமையல்காரியை மருமகளாக்கும் துணிச்சல் இருக்கிறது. வேலைக்காரனை மருமகனாக்கும் துணிச்சல் எங்கே?

அந்த ஏழைப் பெண்ணும் யார்? நெற்றியில் குங்குமம், வாயில் ஸ்லோகம், வீட்டில் பூஜை மாடம், சமைப்பதெல்லாம் சைவம். பணம் மட்டும்தான் இல்லை. அவள் கையால் சமைத்ததை அந்தப் பெரிய வீடு தயங்காமல் சாப்பிடுகிறது என்பதிலேயே அவள் எந்தத் தெருக்காரி இல்லை என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

தடை ஏழ்மைதான் என்றால், படித்து வேலைக்குப் போனதும் தடை விலக வேண்டும் அல்லவா? கணக்குப் பார்ப்போம். 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியோடு சேர்த்து விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட முருகேசன் பொறியியல் பட்டதாரி. 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இதைப் படிக்கும் உங்களில் பலர் பொறியியல் மாணவர்கள். பட்டமும் சம்பளமும் இந்தத் தடையைத் தாண்ட வைக்கும் என்று எந்த சீரியல் சொன்னாலும் இந்த நான்கு பெயர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கர் வெட்டப்பட்ட சி.சி.டி.வி. காட்சியைச் செய்திச் சேனல்கள் எத்தனை முறை போட்டன என்று நமக்கு நினைவிருக்கும். தலித் காதலன் தொலைக்காட்சியில் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. செய்தியில் வருகிறான், பிணமாக. செய்தி முடிந்து தொடர் ஆரம்பித்ததும் அவன் காதலனாக வருவதற்கு மட்டும் இடமில்லை.

எந்தத் தாலி செல்லும்?

சீரியலில் நாம் எல்லோரும் பார்த்துச் சலித்த காட்சி ஒன்று உண்டு. பெண்ணுக்குச் சம்மதமில்லை. கோபத்திலோ சூழ்ச்சியிலோ ஒருவன் அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். மணி அடிக்கிறது, பூ விழுகிறது. அன்றிலிருந்து அவள் அவன் மனைவி, கழற்றினால் தெய்வக்குற்றம். மீதித் தொடர் முழுக்க அவள் அவனைக் காதலிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதைத்தான் காதல் என்று விற்கிறார்கள். கட்டாயப்படுத்திச் செய்த திருமணத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை.

இப்போது வெளியே வாருங்கள். இருவரும் மேஜர். இருவருக்கும் முழுச் சம்மதம். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி நண்பர்கள் முன்னால் மாலை மாற்றித் தாலி கட்டிப் பதிவும் செய்கிறார்கள். பையன் தலித் என்றால் அந்தத் தாலியைப் பெண்ணின் உறவினர்களே அறுக்க வருகிறார்கள். அப்போது மணி அடிப்பதில்லை, தெய்வக்குற்றமும் இல்லை.

சம்மதமில்லாத தாலி புனிதம், சம்மதத்தோடு கட்டிய தாலி வெறும் கயிறு. எந்தத் தாலி செல்லும் என்பதைத் தாலி தீர்மானிப்பதில்லை, கட்டியவனின் சாதி தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் பார்வையாளரிடம் தாலியின் மகிமையைக் காட்டினால் கண்ணீர் எப்படி வரும்? தன் காதலனைத் தானே தேர்ந்தெடுத்த ஆண்டாளுக்கு ஆடிப்பூரத்தில் தேர் இழுக்கிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தேர்வடம் பிடிக்கிற கைகள் வீட்டுப் பெண்ணின் தேர்வை எப்படிப் பார்க்கின்றன என்று இந்தப் பகுதிப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒரே தொகுப்பு, இரண்டு அப்பாக்கள்

சிறிய திரை, குறைந்த நேரம் என்பதெல்லாம் சாக்கு என்பதற்கு 2020 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வந்த "பாவக் கதைகள்" சாட்சி. நான்கு குறும்படங்கள் கொண்ட தொகுப்பு. அதில் இரண்டு, சாதி மீறிக் காதலித்த மகளையும் அவள் அப்பாவையும் பற்றியவை. விக்னேஷ் சிவனின் "லவ் பண்ணா உட்றணும்" படத்தில் அப்பா மகளைக் கொல்கிறார், கொலையின் ஈரம் காய்வதற்குள் கதை சிரிப்பு மூட்டத் திரும்பிவிடுகிறது. கொலைகாரர்கள் கோமாளிகளாக வருகிறார்கள். அவர்கள் எதற்காகக் கொல்கிறார்கள் என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது.

வெற்றிமாறனின் "ஓர் இரவு" படத்தில் கத்தி இல்லை, அடியாள் இல்லை. சாதி மீறி மணந்த மகள் கர்ப்பமாக இருக்கிறாள். அப்பா நகரத்துக்கு வந்து அன்பாகப் பேசி, வளைகாப்பு நடத்துகிறேன் என்று ஊருக்கு அழைத்துப்போகிறார். இரவில் அவள் குடிக்கும் தண்ணீரில் விஷம். படம் முடிந்ததும் யாரும் லாஜிக் கேட்கவில்லை. அந்த அப்பாவுக்கு ஊர் முகம் எவ்வளவு பெரிது என்று படத்துக்குத் தெரிந்திருந்தது, அதனால் நமக்கும் தெரிந்தது.

இங்கேதான் நான் கோபப்பட வேண்டியிருக்கிறது, தோழர்களே. நம்பும்படி இல்லாத காதல் கதை வெறும் மோசமான கலை மட்டும் இல்லை, அது ஆபத்தான பாடமும்கூட. எல்லாக் காதல் தொடர்களும் கடைசி வாரத்தில் ஒரு காட்சிக்கு வந்து சேரும்: அப்பா மனம் மாறிவிட்டார், "வீட்டுக்கு வாங்க, ஊரறியக் கல்யாணம் பண்ணி வைக்கிறோம்" என்கிறார், எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள், சுபம். நம் வழக்குக் கட்டுகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை வழக்கு அந்த வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கிறது! சமாதானம் பேசலாம், சடங்கு செய்யலாம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ. இந்த அழைப்புகளை நம்பிப் போக நம் பிள்ளைகளை இருபது ஆண்டுகளாகத் தயார் செய்துகொண்டிருக்கிறது டி.வி.

"சொன்னால் பிரச்சினை வரும்"

சேனல்காரர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. சாதியைச் சொன்னால் வழக்கு வரும், போராட்டம் வரும் என்பார்கள். கேபிள் டி.வி. சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் எந்தச் சமூகத்தையும் தாக்கக் கூடாது என்கின்றன. சாதி இருக்கிறது என்று சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. மேலும், சாதி ஏற்கெனவே திரை முழுக்க இருக்கிறது. பெரிய வீட்டு நடுக்கூடத்துப் புகைப்படங்களில், மீசையில், "நம்ம வம்சம், நம்ம கௌரவம்" என்ற வசனங்களில் அது தாராளமாக வருகிறது. பெருமையாக வரும்போது வழக்கு பயம் இல்லை. எதிர்க்கப்படும்போது மட்டும் பயமா?

சொல்ல முடியும் என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் தியேட்டருக்குப் போகாமல் நேரடியாக விஜய் டி.வி.யில் வந்த மடோன் அஷ்வினின் "மண்டேலா"வை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு முடி வெட்டுகிறவர் நாயகன். அவருக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. சேர்த்த காசைப் போட்டு வைக்க அஞ்சலகத்துக்குப் போகிறார், கணக்கு ஆரம்பிக்கப் பெயர் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் தேன்மொழி அவருக்கு ஒரு பெயர் வைக்கிறாள். அந்தப் படத்தில் காதல் என்று தனியாகக் காட்டுவது கொஞ்சம்தான். ஆனால் ஊர் முழுக்க வாய்க்கு வந்தபடி கூப்பிட்ட மனிதனை ஒரு பெண் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றால் அங்கே எத்தனை எபிசோடு தேவைப்படும்? ஊர் எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னதால் அந்தச் சின்னப் பிரியமும் உண்மையாகத் தெரிந்தது.

நமக்கு என்ன வேண்டும்?

எல்லாக் காதல் கதையும் பிணத்தில் முடிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் காதல் என்றாலே தண்டவாளமும் அரிவாளும் என்று ஆக்கிவிட்டதும் ஒரு அநீதிதான். 2022இல் பா. ரஞ்சித்தின் "நட்சத்திரம் நகர்கிறது" அந்த அநீதியை எதிர்த்துத்தான் ரெனே என்ற பெண்ணைத் தலைநிமிர்ந்து காதலிக்க வைத்தது. சாதி கடந்து மணந்து, வாழ்ந்து, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, சமாதானமாகி நம் நடுவிலேயே இருக்கிற ஜோடிகள் எத்தனையோ பேர். அவர்கள் வாழ்க்கையில் இல்லாத திருப்பமா?

சிறப்புத் திருமணச் சட்டத்தில் மனு கொடுத்தால் முப்பது நாள் அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். பெயரும் விலாசமும் எல்லோரும் பார்க்கும்படி முப்பது நாள் தொங்கும். எந்த மாமா அந்தப் பக்கம் வருவார் என்று தெரியாது. இதைவிடப் பதைபதைக்கும் முப்பது எபிசோடு எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? சாட்சிக் கையெழுத்துக்கு யார் வருவார்? போனை அணைத்து வைப்பதா, வேண்டாமா? பெண்ணைக் கடத்திவிட்டான் என்று புகார் வந்தால் ஸ்டேஷனில் என்ன சொல்வது? வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுக?" என்பதற்கு யார் பதில் சொல்வது? பிள்ளைக்கு யாருடைய சாதிச் சான்றிதழ் வாங்குவது? கலப்புத் திருமண உதவியாக அரசு தரும் தங்கக் காசை வாங்கப் போகும்போது அலுவலகத்தில் எப்படிப் பார்த்தார்கள்? 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் இப்படிப்பட்ட ஜோடிகளைப் பாதுகாக்கச் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. நான் பார்த்த எந்தத் தொடரிலும் எந்தக் காதல் ஜோடியும் அதன் பெயரைச் சொன்னதில்லை. பேய் ஓட்டும் சாமியாரின் விலாசம் மட்டும் எல்லாத் தொடரிலும் தெரிகிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டில் சீரியல் ஓடும்போது போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகாதீர்கள். அம்மாவோடு, அத்தையோடு உட்காருங்கள். கிண்டல் செய்யாமல் கேளுங்கள்: இந்தப் பையன் எந்தத் தெரு? இந்தப் பெண் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள், அவர்கள் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள்? இவர்கள் இருவரும் நம் ஊரில் இருந்தால் நடுவே யார் வந்து நிற்பார்? பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள். சீரியலில் வராத கதைகள் அந்தத் திண்ணையில் வரும். உங்கள் பாட்டியின் காலத்தில் ஓடிப்போனவர்கள், திரும்பி வந்தவர்கள், வராமலே போனவர்கள் எல்லோரும் வருவார்கள். அதை எழுதுங்கள். கையில் இருக்கும் போனிலேயே படமாக்குங்கள். கல்லூரித் திரைப்பட மன்றத்தில் போடுங்கள். விட மாட்டோம் என்றால் காலனித் தெருவில் வேட்டி கட்டிப் போடுங்கள்.

நம் காதலை நாம் பெயர் சொல்லி எழுதாதவரை, பெயரில்லாத இரண்டு பேர் பெயரில்லாத ஊரில் காதலித்துக்கொண்டே இருப்பார்கள். யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜெய் பீம்.